தண்ணீர் நின்ற மூன்று வளையங்கள்

அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளை ஊசிக்காரி என்றுதான் சொல்வார்கள். தோளில் ஒரு பை, பை நிறையக் கண்ணாடிக் குப்பிகள், கையில் பெரிய பெரிய ஊசிகள். இந்தக் கோலத்தில் ஒரு பெண் வாரம் தவறாமல் மக்காச்சோளக் கொல்லைக்குள் புகுந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? வேலைக்கு வந்த புதிதில் ஒருவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து வரப்பில் நிறுத்தி, "ரெண்டு நாளா தீனி எடுக்க மாட்டேங்குது, ஒரு ஊசி போட்டு விடும்மா" என்றார்.

"இது மாட்டுக்குப் போடற ஊசி இல்லைங்க. மண்ணுலேருந்து காத்தை எடுக்கற ஊசி."

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார், மாட்டை ஒரு தரம் பார்த்தார். இரண்டில் மாட்டுக்குத்தான் புத்தி அதிகம் என்று தீர்மானித்தவர்போல அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அவள் சொன்னது உண்மை. வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்கு அதுதான் வேலை. நிலம் சும்மா கிடப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொலபொலவென்று காய்ந்த மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் குடியிருக்கிறது. காற்றில் இருக்கும் மீத்தேன் வாயுவைத் தின்றே பிழைக்கிற கூட்டம் அது. மழை பெய்து மண்ணின் துவாரங்களில் தண்ணீர் ஏறிவிட்டால் அதற்குக் காற்று போகும் வழி அடைபட்டுவிடும். தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் இன்னும் மோசம். காற்றே ஆகாத வேறொரு கூட்டம் அடியில் கண்விழித்து, மீத்தேனைத் தயாரித்து வெளியே விடத் தொடங்கிவிடும். வெயில் நாளில் தின்கிற அதே நிலம் மழை நாளில் கக்கும். உலகத்தைச் சூடாக்குகிற வாயுக்களில் இதுவும் ஒன்று என்பதால், எந்த மழைக்கு எவ்வளவு தின்கிறது, எவ்வளவு கக்குகிறது என்று படித்தவர்கள் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள். தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்கள் அவர்கள். சேற்றில் இறங்கியவள் இவள்.

கொல்லையில் ஒன்பது இடங்களில் இரும்பு வளையம் பதித்திருந்தது. மேட்டில் மூன்று, நடுவில் மூன்று, மதகை ஒட்டிய பள்ளத்தில் மூன்று. வளையத்தின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூட வேண்டும். மூடியதும் ஒரு ஊசி, பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக இன்னும் மூன்று ஊசி, உள்ளே இருக்கும் காற்றை இழுத்துக் குப்பியில் அடைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அலசிப் பார்த்து எண் தருவார்கள். நேரம் போகப்போக வாயு குறைந்திருந்தால் மண் தின்றிருக்கிறது, எண்ணுக்கு முன்னால் மைனஸ். கூடியிருந்தால் மண் கக்கியிருக்கிறது, ப்ளஸ். இவ்வளவுதான் கணக்கு. இதைச் சொல்ல நான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். அவள் கேட்பவர்களிடம் "மண்ணு மூச்சு விடுது, நான் புடிச்சு வைக்கிறேன்" என்று நாலு வார்த்தையில் முடித்துவிடுவாள்.

இந்த வேலைக்கு அவள் படித்து வரவில்லை. பதினோரு வருஷம் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் துப்புரவு வேலை பார்த்தவள். அங்கே தலைமை நர்ஸ் ஒரு பொல்லாத மனுஷி. மேஜையில் ஒரு சொட்டு ஈரம் இருக்கும்போது தட்டை வைத்துவிட்டால் தட்டு பறக்கும். "ஈரத்து மேல எதையும் வைக்காதே, முதல்ல துடை" என்பது பதினோரு வருஷமும் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்த ஆஸ்பத்திரி மூடப்பட்டதும் பண்ணை ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைக்க வந்தாள். வந்த நாலாம் மாதம், கொல்லையில் காற்று பிடித்துக்கொண்டிருந்த ஆள் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். "ரெண்டு வாரத்துக்கு மட்டும் நீங்க போங்க" என்றார் ஆராய்ச்சி அதிகாரி. அவரை எல்லாரும் மேடம் என்பார்கள், நாமும் அப்படியே சொல்லுவோம். அந்த இரண்டு வாரம் இப்போது ஆறு வருஷமாகிவிட்டது.

அவள் கை அப்படி. ஊசியின் தண்டை இழுக்கும்போது நடுங்காது. பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம், பதினோராவது நிமிஷத்தில் எடுத்தேன் என்ற பேச்சே கிடையாது. ஆனால் அவளுடைய உண்மையான பெருமை மழை நாள்தான். மழை விட்ட ஐந்து மணி நேரத்துக்குள் ஒன்பது வளையத்தையும் அளந்துவிட வேண்டும் என்பது விதி. மழை பெய்தால் பண்ணை ஜீப் வண்டிப்பாதையில் சிக்கிக்கொள்ளும். மேடம் வரமாட்டார், ஆய்வுக்கூடத்து ஆட்கள் வரமாட்டார்கள், வரப்பில் ஈ காக்கை இருக்காது. அவள் மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து போவாள்.

பள்ளத்து வளையங்களில் தண்ணீர் நிற்கும். அதற்கென்று ஒரு ஸ்கேல் வைத்திருந்தாள். எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து நோட்டில் எழுதுவாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் குவளையால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றுவாள். கடைசி ஈரத்தைப் பழைய துண்டால் ஒற்றி எடுப்பாள். வளையம் பளிச்சென்று ஆனபிறகுதான் பெட்டியைக் கவிழ்ப்பாள். அதைச் செய்யும்போது அவளுக்கு ஒரு திருப்தி. தன் அடுப்பங்கரையை அவள் அவ்வளவு சுத்தமாக வைத்துக்கொண்டதில்லை.

ஆறு வருஷத்தில் தண்ணீர் நின்ற மழை நாள் நாற்பத்துமூன்று. நோட்டில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மேடம் அந்த நோட்டை எடுத்துக் காட்டுவார். "மழை நாள் கணக்கு இந்த அளவுக்கு எங்கேயும் இருக்காது" என்பார். பள்ளத்து நிலம்கூட மழையில் கொஞ்சமாவது மீத்தேனைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது என்பது அந்த நோட்டைப் பார்த்து மேடம் கண்டுபிடித்த விஷயம். அதை இரண்டு கூட்டங்களில் மேடையேறிச் சொல்லிவிட்டும் வந்தார்.

ஆனால் அந்த நோட்டுக்காக ஊசிக்காரி கொடுத்த விலை மேடத்துக்குத் தெரியாது. அது வீட்டுக்குள் நடந்த விஷயம்.

அவளுக்கு ஒரு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள், தையல் வேலை செய்து தங்கையைக் கரையேற்றியவள். மாடிப் போர்ஷனில் அக்கா, கீழே தங்கையும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அவள் கணவரும். நாலு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன். பத்தரைக்கு உள்ளே கொண்டு போவார்கள். கணவர் பஸ்ஸை விட்டுவிட்டு வர முடியாது, அதனால் தங்கைதான் கூட இருப்பதாக ஏற்பாடு. அன்று விடியற்காலையில் பெரிய மழை பிடித்து ஆறரைக்கு விட்டது. அவள் கொல்லைக்குப் போனாள். ஒன்பது வளையத்தையும் முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது மணி பதினொன்றரை. அக்கா எப்போதோ உள்ளே போய்விட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயந்தரம் கண் விழித்த அக்கா கேட்ட முதல் கேள்வி, "எங்க போயிருந்தே?"

"மழை பெஞ்சுதுக்கா. அந்த மழை திரும்பி வராது. அன்னிக்கு அளந்தா உண்டு, இல்லேன்னா இல்லை."

"நானும் ஒருத்திதான்டி இருக்கேன்" என்றாள் அக்கா.

அதோடு பேச்சு நின்றது. நின்றது என்றால் அடியோடு நிற்கவில்லை. தங்கையிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் கணவரிடம் சொல்வாள். தங்கை பக்கத்திலேயே நின்றாலும் அப்படித்தான். "மாப்பிள்ளை, மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு, உங்க பொண்டாட்டிய நிறுத்தச் சொல்லுங்க." "மாப்பிள்ளை, சாவி யார்கிட்ட இருக்குன்னு உங்க பொண்டாட்டிய கேளுங்க." அந்த மனிதர் நாலு வருஷமாகச் சம்பளம் இல்லாத தபால்காரர். "அண்ணி, அவ இதோ நிக்கறா, காது கேக்குது" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "நான் உங்ககிட்ட பேசிட்டிருக்கேன்" என்று பதில் வந்தது. அதற்குமேல் அவர் முயலவில்லை.

தங்கைக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் மனசுக்குள் ஒரு ஊன்றுகோல் இருந்தது. தான் போனது வீண் வேலைக்கு அல்ல, அந்த மழையின் கணக்கு உலகத்தில் தன் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பில்தான் அவளுக்கு நாலு வருஷமும் சோறு இறங்கியது.

இந்த வருஷம் மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்னால் மிஷின் வந்தது. தானாகவே மூடித் திறந்துகொள்ளும் மூன்று பெட்டிகள். உள்ளே இருக்கும் காற்றைத் தானாகவே உறிஞ்சி, எண்ணைத் திரையில் காட்டும். கூடவே அதைச் செய்த மனிதரும் வந்தார். ஐம்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர், சிரிக்கவே தெரியாத முகம். அவரை மிஷின்காரர் என்றார்கள். பள்ளத்து வளையங்கள் மூன்றுக்கும் பக்கத்தில் ஒரு கை தூரத்தில் மிஷின் பெட்டிகளைப் பொருத்தினார். கைக்கணக்கும் மிஷின்கணக்கும் ஒத்துப்போகிறதா என்று மழைக்காலம் முழுவதும் பார்ப்பதாக ஏற்பாடு.

வெயில் நாட்களில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போயின. முதல் பெருமழை பெய்ததும் சண்டை ஆரம்பித்தது. ஊசிக்காரியின் எண்ணுக்கு முன்னால் வழக்கம்போல மைனஸ். மிஷின் பெரிய ப்ளஸ் காட்டியது. இரண்டாவது மழையிலும் அப்படியே.

ஒரு பக்கம் ஆறு வருஷ நோட்டு, இன்னொரு பக்கம் ஒரு மாத மிஷின். யாரை நம்புவார்கள்? ஈரம் உள்ளே போய்விட்டது என்றார் மேடம். மிஷின்காரர் மூன்று பெட்டியையும் பிரித்து, ஹேர் டிரையர் வைத்து உலர்த்தி, அளவு தெரிந்த வாயுவை உள்ளே விட்டுப் பார்த்தார். சரியாகத்தான் காட்டியது.

"மிஷின்ல ஒரு குறையும் இல்லை மேடம்."

"அப்போ மண்ணுலதான் குறையா?" என்று மேடம் கேட்க, ஆய்வுக்கூடமே சிரித்தது. வெள்ளிக்கிழமைக்குள் பெட்டிகளைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவானது.

நம்ம ஊசிக்காரி அப்போது என்ன செய்தாள்? அவளும் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மிஷின்காரர் காதுபடச் சொன்னாள். அவளைத் தியாகி என்று நான் சொல்லவே இல்லையே.

செவ்வாய்க்கிழமை உபகரணக் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மிஷின்காரர் தனியாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றவரிடம் கொஞ்சம் பேசலாம் என்று அவளுக்குத் தாராளம் வந்தது.

"உங்க பெட்டி சுத்தி எதுக்குங்க அந்தப் பலகையெல்லாம் போட்டிருக்கீங்க? கொல்லையில யாராவது பலகை போட்டு நடப்பாங்களா?"

"ஈர மண்ணைத் தொடக் கூடாதும்மா" என்றார் அவர். "தண்ணி நிக்கற மண்ணுக்குள்ள வாயு குமிழ் குமிழா அடைஞ்சு கிடக்கும். பக்கத்துல கால் வச்சு அழுத்தினாலே குபுக்குனு வெளிய வந்துடும். அந்த நேரம் பார்த்துப் பெட்டியை மூடினா முதல் ஊசியில வாயு நிறைய இருக்கும், போகப்போகக் கலைஞ்சு குறையும். கணக்குப் பாக்கறவங்க மண்ணு தின்னுடுச்சுன்னு நினைப்பாங்க. உண்மையில அது மூடறதுக்கு முன்னாடியே கக்கி முடிச்சிருக்கும். அதனாலதான் நான் தண்ணியையும் தொடறதில்ல, மண்ணையும் தொடறதில்ல. எப்படி இருக்கோ அப்படியே மூடிடுவேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். குவளையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, யாருக்குமே தெரியாது. அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். தண்ணீரை மொள்ளும்போது, துண்டை அழுத்தி ஒற்றும்போது, மண்ணிலிருந்து குமிழ்கள் வருவதை நாற்பத்துமூன்று மழையிலும் அவள் பார்த்திருக்கிறாள். மீன் இருக்குமோ என்றுகூட ஒருதரம் தேடியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் நல்ல மழை. ஏழாம் வளையத்திலும் எட்டாம் வளையத்திலும் வழக்கம்போல இறைத்துத் துடைத்தாள். ஒன்பதாம் வளையத்துக்கு மட்டும் மிஷின்காரரின் பலகை மேல் ஏறி நின்று, தண்ணீரைத் தொடாமல், ஈரத்தின் மேலேயே பெட்டியை மெதுவாக வைத்தாள். வழக்கப்படி துண்டைத் தேடிப் போன கையை இழுத்துக்கொண்டாள். 

வியாழக்கிழமை ஆய்வுக்கூடத்துக்காரர் எண்களைப் படித்தார். ஏழும் எட்டும் மைனஸ். ஒன்பது ப்ளஸ், பக்கத்து மிஷின் பெட்டி காட்டியதற்கு ஒரு நூல் வித்தியாசம். "ஒன்பதாவது வளையத்துக் குப்பிங்க ஒழுகியிருக்கும்போல. வெட்டி விட்டுடலாமா?" என்று அவர் கேட்டார்.

"வேணாம். இருக்கட்டும்" என்றாள்.

அன்று சாயந்தரம் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வலிக்கிறது, வாய்விட்டுக் கத்த வழியில்லை. விஷயத்தைக் கணவரிடம் மட்டும் சொன்னாள்.

"நாளைக்கு மிஷினைக் கழட்டிக் கொண்டு போயிடுவாங்கல்ல? அப்புறம் யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

"வேலை போயிடும்னு பயமா?"

"வேலை போனா கூட்டித் துடைக்கற வேலை எங்கயும் கிடைக்கும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி மாடியைக் காட்டினாள். "அந்தக் கணக்கு தப்புன்னா, நான் எதுக்குங்க அவளை விட்டுட்டுப் போனேன்?"

 

வெள்ளிக்கிழமை காலையில் கொல்லைப் பக்கம் போனபோது மிஷின்காரர் முதல் பெட்டியின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருகையும் துடைத்து ஒரு தகர டப்பாவில் எண்ணிப் போட்டார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் சரியாகச் செய்ததைத் தப்பு என்று ஒப்புக்கொண்டு கழற்றுகிற ஆளின் முதுகு அது. அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. கொட்டகைக்குப் போய்க் குவளையையும் துண்டையும் எடுத்துக்கொண்டு நேரே மேடத்தின் அறைக்கு நடந்தாள்.

மேஜைமேல் இரண்டையும் வைத்தாள். மேடம் கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"என்ன இது?"

"மிஷின் சரிங்க மேடம். நான்தான் தப்பு. மழைன்னா இந்தக் குவளையால தண்ணிய இறைச்சுட்டு, இந்தத் துண்டால துடைச்சுட்டுதான் பெட்டி வைப்பேன்."

மேடத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆழம் எழுதியிருக்கீங்களே? மூணு சென்டிமீட்டர், நாலு சென்டிமீட்டர்னு?"

"அளந்து எழுதிட்டுதான் இறைப்பேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். ஈரத்து மேல எதையும் வைக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரிப் பழக்கம் மேடம். நேத்து... இல்ல, முந்தாநேத்து ஒன்பதாவது மட்டும் இறைக்காம வச்சேன். மிஷின் சொன்னதையே அதுவும் சொல்லுது."

மேடம் குவளையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது சாதாரணக் குளியலறைக் குவளை, கைப்பிடி ஒரு பக்கம் விரிசல். இரண்டு மேடைகளில் பேசிய பேச்சு அதற்குள் போய்விட்டது. அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"ஆறு வருஷம்" என்றார் மேடம். "ஆறு வருஷத்துல ஒரு மழைக்காவது நான் வந்து நின்னிருந்தா, முதல் நாளே பார்த்திருப்பேன். ஜீப் போகாதுன்னு உக்காந்துட்டேன்." அப்புறம் போனை எடுத்து, மிஷின்காரரைக் கூப்பிட்டு, தன் பதவிக்குச் சற்றும் பொருந்தாத குரலில், "யோவ், கழட்டாதீங்க! அப்படியே விடுங்க!" என்று கூவினார்.

மிஷின்காரருக்கு விஷயம் தெரிந்தபோது அவரும் கோபப்படவில்லை. "ஏம்மா, மூணு வாரமா என் மூளையைக் கழட்டி மாட்டிக்கிட்டிருந்தேனே" என்றார். கடைசியாக அவர் முகத்தில் சிரிப்பு என்று சொல்லத்தக்க ஒன்று வந்தது. டப்பாவிலிருந்த திருகுகளை மறுபடி எண்ணத் தொடங்கினார்.

நோட்டைத் திருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. தப்பான எண்ணைக் கிறுக்கி மறைக்கக் கூடாது, கிழிக்கவும் கூடாது. அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் காரணத்தையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேட்டிலும் நடுவிலும் தண்ணீர் நிற்காததால் அந்த ஆறு வளையங்களின் கணக்கு அப்படியே நிற்கும். பள்ளத்து மூன்று வரிகள் மட்டும் போகும். நாற்பத்துமூன்று நாள், நாளுக்கு மூன்று வரி, கூடவே இந்தப் புதன்கிழமையின் இரண்டு வரி. "நானே யாரையாவது விட்டு அடிக்கச் சொல்றேன்" என்றார் மேடம். அவள் மறுத்துவிட்டாள். தான் எழுதியதைத் தானே அடிப்பதாகச் சொல்லி, சிவப்புப் பேனாவும் ஸ்கேலும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் வந்தது. அக்காவின் ஆபரேஷன் நாள்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நேரங்களைப் படித்தாள். அவள் கையெழுத்துதான். மேட்டு வளையங்கள் மூன்றும் ஏழரையிலிருந்து எட்டு இருபது. நடு வளையங்கள் எட்டரையிலிருந்து ஒன்பது இருபது. பள்ளத்து வளையங்கள், தண்ணீர் நாலு சென்டிமீட்டர், ஒன்பது நாற்பதிலிருந்து பத்து ஐம்பது. ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். ஒன்பது இருபதுக்குக் கிளம்பியிருந்தால் பத்து மணிக்கெல்லாம் அக்காவின் பக்கத்தில் நின்றிருக்கலாம். நிற்கும் ஆறு வரிகளால் அவளுக்கு நேரமாகவில்லை. அடிக்கப் போகிற மூன்று வரிகளால்தான் நேரமாயிற்று.

அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். ஆய்வுக்கூடத்துக்காரர் நாசூக்காக வெளியே போனார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மூன்று கோடுகளையும் ஸ்கேல் வைத்து நேராகப் போட்டாள்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் கீழே செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேரே மாடி ஏறினாள். அக்கா தையல் மிஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல, "மாப்பிள்ளை..." என்று கீழே குரல் கொடுத்தாள்.

"அவர் இன்னும் வரலை" என்றாள் தங்கை. "நான் சொல்லிட்டுப் போயிடறேன். உனக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு நான் கடைசியா எழுதின மூணு வரி தப்பு. நான் செஞ்ச வேலையே தப்பு. இன்னிக்கு என் கையாலயே அடிச்சுட்டேன். அந்த மூணையும் விட்டிருந்தா பத்து மணிக்கு வந்திருப்பேன். திரும்பி வராத மழைன்னு உன்கிட்ட சொன்னேன். அது ஒண்ணுத்துக்கும் ஆகலைக்கா."

தையல் மிஷினின் சக்கரம் நின்றது. அக்கா உறையை மடித்து வைத்தாள், ஊசியை உயர்த்தினாள், எழுந்தாள். பிறகு பிடித்தாளே ஒரு பிடி!

"ஒண்ணுத்துக்கும் ஆகலையா? ஏன்டி, அதையாவது உருப்படியா செஞ்சிருக்கக் கூடாதா? நாலு வருஷமா நான் என்ன நினைச்சுக்கிட்டிருக்கேன் தெரியுமா? சரி, என்னை விடப் பெரிய வேலை, உலகத்துக்கே வேண்டிய வேலை, அதுக்குப் போனா, போகட்டும்னு! அதை நினைச்சுதானே மனசைத் தேத்திக்கிட்டேன்! இப்ப வந்து அதுவும் தப்புங்கறே?"

 தன் ஊன்றுகோலைத்தான் அக்காவும் நாலு வருஷமாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என்று இப்போதுதான் தங்கைக்குத் தெரிந்தது.

"உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு காகிதத்துல கூட இருக்கறவங்க கையெழுத்துப் போடணும்னாங்க. யாரு இருக்கா? பக்கத்துல படுத்திருந்த பொம்பளை, அதுவே எழுந்து நிக்க முடியாம, பாவம்னு போட்டுக் குடுத்தா. உறவுமுறைன்னு ஒரு இடம் இருந்துது. அதுல என்ன எழுதினா தெரியுமா? 'பக்கத்துக் கட்டில்'னு எழுதினா. பக்கத்துக் கட்டில்! நான் உன்னை வளத்ததுக்கு எனக்குக் கிடைச்ச உறவு!"

சொல்லிவிட்டு அக்கா அழுதாள். தங்கை கிட்டே போனாள். போனவளை அக்கா ஒரு தள்ளு தள்ளினாள், தள்ளிய கையாலேயே பிடித்துக்கொண்டாள். கீழே பஸ்காரர் வந்து சேர்ந்து, மாடியில் இரண்டு பெண்கள் நேருக்கு நேர் சண்டை போடுகிற சத்தத்தைக் கேட்டு, படியில் பாதியில் நின்று, திரும்பி இறங்கிப் போனார்.

திட்டு தீர அரை மணி ஆயிற்று. முகம் கழுவிக்கொண்டு வந்த அக்கா அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தையல் மிஷின் மேல் வைத்தாள். கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம். வருகிற மாதம் பன்னிரண்டாம் தேதி பத்து மணிக்கு அறுவை. இதைக்கூட இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

"அது மழை மாசம்" என்றாள் அக்கா. "பெஞ்சா என்ன பண்ணுவே?"

 பொய் சொல்லத் தங்கைக்கு அன்று தெம்பு இல்லை.

"பள்ளத்தை மிஷின் பாத்துக்கும். மேட்டுல மூணு, நடுவுல மூணு. அதை முடிச்சுட்டு ஒன்பதே முக்காலுக்கு அங்க நிப்பேன்."

"அப்பவும் போவே?"

"போவேன்க்கா."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பேனாவைத் தேடி எடுத்து அவள் கையில் திணித்து, காகிதத்தின் அடியில் காலியாக இருந்த வரியை விரலால் காட்டினாள்.

"சேறு அப்பின காலோட வந்தாலும் வா. முதல்ல இதுல தங்கைன்னு எழுது."